கன்டெய்னரைத் திறக்காமலே யுரேனியத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? லேசர் உருவாக்கும் காமா கதிர்கள்

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னருக்குள் யுரேனியத்தை ஒளித்து வைத்திருந்தால் எப்படித் தெரியும்? எக்ஸ்-ரே ஸ்கேனர், உள்ளே அடர்த்தியான ஏதோ இருக்கிறது என்று காட்டும். அது யுரேனியம்தானா, அதிலும் எந்த வகை என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். சரியான ஆற்றல் கொண்ட காமா கதிர் பட்டால், ஒவ்வொரு அணுக்கருவும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். யுரேனியம்-235 தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்தக் காமா கதிருக்கு, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் தேவை. வழக்கமான முடுக்கி என்றால் அதற்கே பல மீட்டர் நீளம் வேண்டும்.

படகும் அலையும்

தோஷிகி தஜிமாவும் ஜான் டாசனும் 1979இல் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். வேகமாகப் போகும் படகுக்குப் பின்னால் அலை எழும் அல்லவா? அதுபோல, மின்னேற்றமடைந்த வாயுவான பிளாஸ்மாவுக்குள் லேசர் பாய்ந்தால் பின்னால் ஒரு மின் அலை எழும். எலக்ட்ரான்கள் அதில் சறுக்கிக்கொண்டே வேகம் எடுக்கும். வெறும் 30 செ.மீ. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை 9.2 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை கொண்டுபோனதாக அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 2024இல் அறிவித்தது. காமா கதிருக்கு இவ்வளவெல்லாம் தேவையே இல்லை.

500 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் மீது எதிரில் இருந்து இன்னொரு லேசரை மோதவிட்டால் போதும். 1.5 எலக்ட்ரான் வோல்ட் ஒளித்துகள், சுமார் 40 லட்சம் மடங்கு ஆற்றலுடன் திரும்பும். அதுதான் காமா. பிரான்ஸ் விஞ்ஞானிகள் 2012இல் இரண்டாவது லேசரே வேண்டாம் என்று காட்டினார்கள். மெல்லிய தகடு ஒன்றை வைத்து, அதே லேசரைத் திருப்பிவிட்டார்கள்.

எலக்ட்ரான் கொத்து மிகச் சிறியது என்பதால், காமா துடிப்பும் சில ஃபெம்டோ வினாடிகளில் முடிந்துவிடும். ஒரு ஃபெம்டோ வினாடியில் ஒளியே 0.3 மைக்ரான்தான் நகரும்!

எப்போது துறைமுகத்துக்கு வரும்?

இங்கேதான் சிக்கல். கன்டெய்னர் சோதனைக்கு இந்த மின்னல் வேகத் துடிப்பு முக்கியமில்லை. கருவி சின்னதாக இருப்பதுதான் லாபம். அதைவிட முக்கியம், கதிரின் ஆற்றல் சீராக இருப்பதும், துடிப்புகள் நிறைய கிடைப்பதும். லேசர்-பிளாஸ்மா பலவீனமாக இருப்பது இந்த இரண்டிலும்தான். ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் ஆற்றல் கொஞ்சம் மாறுகிறது. பெரிய லேசர்கள் வினாடிக்கு ஒரு முறை சுடுவதே பெரிய விஷயம்.

ருமேனியாவின் மகுரேலே மையத்தில் 10 பெட்டாவாட் லேசர் இருக்கிறது. அந்த மையமே தன் பிரதான காமா கதிர் அமைப்புக்கு வழக்கமான முடுக்கியைத்தான் தேர்ந்தெடுத்தது.