பி.இ.டி. பீரியடையாவது விட்டுவையுங்கள்

பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதும் நம் வீடுகளில் நடக்கிற முதல் காரியம், பந்தும் ஷட்டில் பேட்டும் பரணுக்கு ஏறுவது. கேபிளை நிறுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டு என்ன பாவம் செய்தது? போன பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பி.இ.டி. பீரியட்ல சும்மாதானே ஓடிட்டிருக்காங்க, அதையும் மேத்ஸுக்குக் கொடுத்துடுங்க சார்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினீர்கள். பள்ளியே கேட்டாலும் கொடுக்கக் கூடாத பீரியட் அது.

கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்ததும் புலம்பலும் உங்களுடையதுதான்: "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான், ராத்திரி தூங்கறதே இல்ல." எப்படித் தூங்குவான்? விடிந்ததும் டியூஷன், பிறகு பள்ளி, சாயங்காலம் இன்னொரு டியூஷன், நடுவே வேன் சீட். பதினைந்து வயது உடம்பு நாள் முழுக்க உட்கார்ந்தே கிடக்கிறது. ஓடியாடி வியர்த்தால் இறுக்கம் தளரும், தூக்கம் பிடிக்கும். நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கு எரிச்சலும் குறையும். உங்கள் கவலைக்கும் சேர்த்துச் சொல்கிறேன், படித்ததும் நினைவில் நிற்கும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்துப் பிள்ளைகள் 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. 12, 14, 16 வயதுகளில் இடுப்பில் கருவி கட்டி அவர்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று அளந்தார்கள். அதிகம் நடமாடியவர்களிடம் 18 வயதில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், உட்கார்ந்தே இருந்தவர்களிடம் கூடுதலாகவும் தெரிந்தன. கடுமையான பயிற்சி ஒன்றுமில்லை. நடப்பது, வீட்டு வேலை செய்வது போன்ற லேசான அசைவுக்கே இந்த வித்தியாசம். கடைக்குப் போய்வரக்கூட நாம் பிள்ளைகளை அனுப்புவதில்லையே!

பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். வயதுக்கு வந்ததோடு சைக்கிளும் போச்சு, தெருவும் போச்சு. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஆணுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோச்சிங்கில் சேர்த்து, "ஸ்டேட் லெவல் போனா ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டா?" என்று விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். சும்மா விளையாட விடுங்கள், போதும்.

ஒன்று மட்டும். பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே கிடந்தால், சாப்பாடும் நண்பர்களும் வேண்டாம் என்றால், "போய் ஓடிட்டு வா, சரியாயிடும்" என்று விரட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.