மருந்தறைச் சுவரைத் தாண்டாத அறிவு

ஒரே வகைத் தொழில் ஒரு வட்டாரத்தில் நெருங்கிக் குடியேறிவிட்டால் அதன் சூட்சுமங்கள் எவருக்கும் தனிச்சொத்தாக நீடிப்பதில்லை என்ற கருத்தை ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890இல் எழுதி வைத்தார். அதற்கு நம் நாட்டில் உதாரணம் தேடுகிறவர் ஆலங்குளத்துக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியை ஒரு முறை சுற்றி வந்தாலே போதும். ஆலங்குளத்தில் 1970இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக் கல்லை நம்பி எழுந்த பெரிய ஸ்தாபனம். அதன் நுட்பம் சூளைக்கும் பொறியாளர்களுக்கும் உரியது. அங்கே வேலை கற்ற ஒருவர் வெளியே வந்து சொந்தமாக ஒரு சிமெண்ட் ஆலை வைத்துவிட முடியாது. அதே ஊர்ப்புறத்திலிருந்து காலையில் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் விஷயம் வேறு. இன்று ஓர் ஆலையில் மணி மருந்து உருட்டுகிறவர் அடுத்த வருஷம் மற்றோர் ஆலையில் ஃபோர்மேன் ஆகலாம். பிறகு உறவினர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து தாமே ஆலை நடத்தவும் முற்படலாம்.

இந்தத் தொழிலின் பூர்வ கதையே கடன் வாங்கிய அறிவின் கதைதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு, மறு வருஷம் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்ததால் லித்தோ அச்சுக்கூடம் வந்தது. மருந்தோடு பழகிய கைகள் மத்தாப்புக்கும் பின்னர் வெடிக்கும் நகர்ந்தன. அச்சுக்கூடமோ தீப்பெட்டியோடு நில்லாமல் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிடலாயிற்று. எந்தப் பல்கலைக்கழகமும் திட்டமிடாத இந்த விருத்தி, பக்கத்துக் கூடத்தில் நடப்பதை உற்றுப் பார்த்தும், திருமண வீட்டுச் சம்பாஷணையில் காது கொடுத்தும், ஆள் மாறிய தொழிலாளியைக் கேட்டும் நிகழ்ந்தது. இன்றும் ஒரு புதிய ஃபேன்சி ரகம் ஒரு தீபாவளிக்கு நன்றாக விற்றால், அடுத்த தீபாவளிக்குள் அதன் சாயலில் பத்து ரகங்கள் வேறு வேறு பெயர்களில் கடைக்கு வந்துவிடுகின்றன.

ஆனால் லாபம் தரும் செய்தி இவ்வளவு லாகவமாகச் சுவர் தாண்டும் பிரதேசத்தில், உயிரைக் காக்கும் செய்தி ஏன் சுவருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது? முதல் நாள் மீந்த மருந்துக் கலவையைக் கழிக்காமல் விட்டு, இரவில் அதில் ஈரம் ஏறி, காலையில் அது தானாகவே சூடேறுவதை ஒருவர் கவனித்து, மணலைக் கொட்டி அணைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் காயம் இல்லை. அதைக் குறித்து அவர் பேசமாட்டார். பேசினால் முதலில் வேலை போகும். முதலாளி பேசினால் உரிமத்துக்கு ஆபத்து. ஃபோர்மேன் பேசினால், பிற்பாடு ஏதேனும் விபரீதம் நேரும்போது முதலில் கைதாகிறவரும் அவரே. ஆகவே மூவரும் மௌனம் சாதிக்க, சில மைல்களுக்கு அப்பால் வேறொருவர் அதே தவற்றை அதே காலைப்பொழுதில் செய்கிறார். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் மாண்டார்கள். முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் முதல் வெடியோசை கேட்டு வெளியிலிருந்து ஓடி வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு எளிய ஒரு செய்தி எத்தனை பேரைச் சென்று சேரவில்லை என்பது விளங்கும்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 1974 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்கத் தலைநகரை நெருங்கிய ஒரு பயணிகள் விமானம், தரையிறங்கும் வழியைக் குறித்த குறிப்பைத் தவறாகப் பொருள்கொண்டு தாழப் பறந்து, குன்றில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது இது: சுமார் ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்துக்கு ஆளாகி மயிரிழையில் தப்பியது, அந்த நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்து வைத்தது. போட்டி நிறுவனத்துக்கு அச்செய்தி எட்டவில்லை. அதன் விளைவாக 1976இல், உரிமம் வழங்கும் துறையிடம் விடாமல் நாசாவிடம் பொறுப்பை ஒப்படைத்து, விமானிகள் தங்கள் தவறுகளை அந்தரங்கமாக எழுதி அனுப்பும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். எழுதியவரின் பெயர் நீக்கப்படும். அனுபவம் மட்டும் எல்லோருக்கும் போகும். நிஜமாக நேர்ந்த விபத்துக்கும் குற்றத்துக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. தப்பிய கதைகளுக்கே இடம்.

சிவகாசியில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய ஆட்கள் இல்லாமல் இல்லை. பட்டாசு உற்பத்தியாளர் சங்கம் உண்டு. வெடிபொருள் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் உண்டு. கூட்டாகக் கற்பது இயலாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகமான நீரி வகுத்த பசுமைப் பட்டாசுக் கலவையை நூற்றுக்கணக்கான ஆலைகள் கற்றுக்கொண்டன. ஆனால் அங்கும் ஒவ்வொரு நிறுவனமும் ரகசியம் காப்பதாகத் தனித்தனியே கையெழுத்திட்டே பெற்றது என்பதும், ஒவ்வொன்றும் ஆய்வகத்தை நோக்கித் திரும்பியதேயன்றி அடுத்த ஆலையை நோக்கித் திரும்பவில்லை என்பதும் கவனிக்கத் தக்கவை.

கற்கும் வசதியும் எல்லா ஆலைகளுக்கும் ஒன்றுபோல் இல்லை. நாக்பூரில் உள்ள வெடிபொருள் துறைத் தலைமையகத்தின் உரிமம் பெற்ற பெரிய ஆலைக்குச் சொந்த வேதியியலாளர் இருப்பார்; மாவட்ட வருவாய் அலுவலர் உரிமத்தில் நடக்கும் சிற்றாலைக்கு ஃபோர்மேனின் ஞாபகமே வேதியியல். அறைகளை உள்குத்தகைக்கு விட்ட இடங்களில் அந்த ஞாபகமும் துண்டு துண்டாகிவிடுகிறது. உள்குத்தகையை ஒழிக்காமல் மற்ற எதுவும் பயன் தராது என்று சொல்வோர் இருக்கிறார்கள். அது ஒழிய வேண்டியதே, ஆனால் அது ஒழியும் வரை காத்திருக்கலாம் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று.

தப்பிய கதைகளைச் சேகரிக்கும் பொறுப்பை உரிமம் ரத்துச் செய்யும் அதிகாரம் இல்லாத ஒரு கல்லூரியிடம் விட வேண்டும் என்பதும், செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். ‘எங்கள் கலவை வெளியே போய்விடுமே’ என்ற முதலாளிகளின் ஆட்சேபம் பொருந்தாது. எந்த நிறத்துக்கு எந்த உப்பு என்று கேட்கப்போவதில்லை, எது எப்போது எங்கே சூடேறிற்று என்றுதான் கேட்கப்போகிறோம். கேட்க வேண்டியதும் முதலில் உருப்படிக் கூலிக்கு மருந்து செலுத்துகிறவர்களை. அதிலும் ஆலை வாசலில் நிறுத்தி வைத்தன்றி, அவர்கள் ஊரில். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடந்து, மறுபடி பூஜை போட்டுத் திறப்பதற்கு இடையே உள்ள சில வாரங்களில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். தொகுத்ததைத் தமிழில், பெயரின்றி, பூஜையன்று ஒவ்வோர் ஆலையிலும் உரக்க வாசித்துக் காட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.