பயிற்சி முதலில்! புள்ளி பிறகு!

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் தாதியருக்கும் மற்ற ஊழியருக்கும் ஆண்டுதோறும் புள்ளி போடுகிறார்கள். அதைப் பற்றித் தோட்டத்துத் தொழிலாளருக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு, தோழர்களே! அங்கே சீருடை அணிந்து நிற்பவர்களில் நம் லயங்களில் பிறந்து, நம் தமிழ்ப் பள்ளிகளில் எழுத்தறிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே கட்டிலில் கிடப்பவர்களும் நாமே.

அளவு என்றால் என்னவென்று பால் வெட்டுகிறவருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோரில் வாளியை இறக்கியதும் பாலை நிறுக்கிறார்கள். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதிக்கிறார்கள். தராசின் முள் கண்ணெதிரே நிற்கிறது. கிராணி தவறாக எழுதினால் அங்கேயே வாய் திறந்து கேட்கலாம். கேட்பவருக்குப் பின்னால் சங்கம் நிற்கிறது. தராசு பிடிக்கும் கிராணிகளாகிய நமக்கும் இது தெரிந்ததே.

ஆஸ்பத்திரியில் நடப்பது என்ன? 2002-ல் பொதுச் சேவையின் சம்பள முறை மாறியபோது ஆண்டு மதிப்பீட்டுக்குப் புதிய படிவங்கள் வந்தன. அவற்றில் வேலையின் பலனுக்கு 50 புள்ளி, அறிவுக்கும் திறமைக்கும் 25, தனிப்பட்ட குணங்களுக்கு 20, வேலைக்கு வெளியே செய்யும் தொண்டுக்கு 5 என்று பிரித்தார்கள். மேலதிகாரிகள் இருவர் புள்ளி போடுவர். இரண்டின் சராசரியே முடிவு. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நாம் கேட்கிறோம்: இரவு மூன்று மணிக்கு மூச்சுத் திணறும் கிழவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்த தாதியைக் கண்ட அதிகாரி யார்? குணத்துக்கு 20 புள்ளி என்கிறார்களே, குணத்தை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்? வாயாடாமல் தலையாட்டுவதே நற்குணம் என்று ஓர் அதிகாரி எண்ணிவிட்டால் சங்கத்துக்காகப் பேசிய ஊழியரின் கதி என்ன? ‘சிறந்த சேவை’ விருதுக்கோ நூற்றுக்கு எட்டுப் பேர் என்று முன்கூட்டியே வரம்பு கட்டினார்கள். ஒரு வார்டில் அனைவருமே உயிரைக் கொடுத்து உழைத்தாலும், நல்லவர் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என்ன கணக்கு?

இதையும்விடப் பெரிய அநியாயம் ஒன்றுண்டு. பயிற்சி கொடுக்காமலே திறமைக்குப் புள்ளி போடுவதுதான் அது. பொதுச் சேவை ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று 2005-ல் கொள்கை வகுத்தார்கள். நல்ல கொள்கை, வரவேற்கிறோம். ஆனால் ஆள் பற்றாத வார்டிலிருந்து ஒரு தாதியை விடுவிப்பது யார்? அவர் இடத்தில் நிற்பது யார்? மேசை வேலைக்காரர் நாற்காலியை நகர்த்திவிட்டு வகுப்புக்குப் போய்வரலாம். நோயாளியின் கட்டிலை விட்டு அப்படிப் போக முடியுமா? வகுப்புக்குப் போகவில்லை என்று ஆண்டுக் கடைசியில் அவர் புள்ளி குறைந்தால் குற்றம் அவருடையதா, ஆள் போடாத நிர்வாகத்தினுடையதா?

நம் தோட்டத்து வழக்கத்தைப் பாருங்கள். புதிய ஆளுக்குக் கத்தி கொடுத்ததும் நல்ல மரத்தில் கை வைக்கச் சொல்வதில்லை. கழிக்கப்போகும் கிழமரத்தில் பழக விடுகிறோம். பட்டையில் காயம் பட்டால் கண்டிப்பது அதற்குப் பிறகுதான். மரத்துக்கு இருக்கும் இந்த நியாயம் மனிதருக்கு இல்லையா?

சோதனைகளையும் கண்டோம். 2002-ல் வந்த அதே சம்பள முறையில் ‘திறன் நிலை மதிப்பீடு’ என்ற பரீட்சையும் வந்தது. உயர்வு வேண்டுமானால் அதில் தேற வேண்டும். ஊழியரும் சங்கங்களும் ஓயாமல் குறை சொன்ன அந்தப் பரீட்சை 2011-ல் எடுக்கப்பட்டது. 2012-ல் வந்த புதிய சம்பளத் திட்டத்தில், புள்ளி குறைந்தவரை வெளியே அனுப்பும் கொள்கை இடம் பெற்றது. எதிர்ப்புக் கிளம்பவே அத்திட்டம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. ஆனால் அனுப்பும் கொள்கை சாகவில்லை. 2015-ல் சுற்றறிக்கையாகத் திரும்பி வந்தது. ஒன்றை அடக்கினால் வேறொரு பெயரில் வருவதுதான் மேலிடத்தின் வழக்கம்.

டாக்டர்களின் கதையும் இதுவே. 2016 முதல் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நிரந்தரம் இல்லாதவருக்கு நிபுணர் பயிற்சியின் கதவும் திறக்கவில்லை. 2021 ஜூலை 26-ல், கொள்ளைநோயின் நடுவே, அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். படித்த டாக்டருக்கே இந்த நிலை என்றால், கூடத்தைக் கழுவும் அம்மாளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? துப்புரவு, சலவை முதலிய வேலைகள் 1997-ல் தனியார் குத்தகைக்குப் போயின. குத்தகை மாறும்போது அவருடைய இத்தனை ஆண்டு அனுபவத்தை யார் புத்தகத்தில் ஏற்றுவது?

“புள்ளி இல்லாவிட்டால் சோம்பேறிகளுக்குக் கொண்டாட்டம்” என்று மேலிடத்தார் சொல்வர். அளவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையான தராசுக்கு உழைப்பவர் ஒருநாளும் அஞ்சியதில்லை. குறை இருந்தால் ஊழியரை அழைத்து, இன்னது குறை என்று நேரே சொல்லுங்கள். திருத்திக்கொள்ளப் பயிற்சியும் காலமும் கொடுங்கள். அதற்குப் பின் புள்ளி போடுங்கள்!

ஆகவே நாம் கேட்பவை நான்கு. பயிற்சிக்குப் போகிறவர் இடத்தில் ஆள் போட வேண்டும். குறைந்த புள்ளிக்குக் காரணம் எழுத்தில் கொடுக்க வேண்டும். முறையீட்டை விசாரிக்கும் குழுவில் சங்கப் பிரதிநிதி உட்கார வேண்டும். குத்தகைத் தொழிலாளருக்கும் பயிற்சியும் சேவைக் காலக் கணக்கும் வேண்டும்.

இவை பிச்சை அல்ல, உரிமை. ஆஸ்பத்திரி ஊழியரின் சங்கங்கள் இதற்காகக் குரல் கொடுக்கும்போது தோட்டச் சங்கக் கிளைகள் வாய்மூடி இருக்கலாகாது. அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், தலைமையகத்துக்கு அனுப்புங்கள். நம்மைக் காக்கும் கைகளைக் காப்பது நம் கடமை!