மூட்டையில் 23 கிலோவா, 20.7 கிலோவா?

கேள்வி: யூரியா ஒரு மூட்டையில் தழைச்சத்து 23 கிலோ என்றுதான் இத்தனை வருடமாகக் கணக்கு. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சதவீதக் கணக்குப் போட்டு 20.7 கிலோ என்கிறாள். எது சரி?
- ஒரு வாசகர், கீழ்பென்னாத்தூர்

பதில்: மகள் சொல்வதே இப்போதைய கணக்கு. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது நூறு கிலோவுக்கு 46 கிலோ. மூட்டை 50 கிலோவாக இருந்தபோது அதில் பாதி, 23 கிலோ. 2018 மார்ச் முதல் மூட்டை 45 கிலோ ஆகிவிட்டது. 45-ல் 10 சதவீதம் 4.5, எனவே 40 சதவீதம் 18. ஒரு சதவீதம் 0.45, ஆறு சதவீதம் 2.7. கூட்டினால் 20.7. மூட்டை எண்ணிப் போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இதைவிடப் பெரிய தவறு டி.ஏ.பி.யில் நடக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் மணிச்சத்து 46 சதவீதம், 23 கிலோ. கூடவே தழைச்சத்து 18 சதவீதம், 9 கிலோ இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.

மண் பரிசோதனை செய்யாத வயலில், மத்திய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மற்ற இரண்டும் 20 கிலோ வீதம். அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. இட்டால் மணிச்சத்து முடிந்தது. தழைச்சத்தில் பாக்கி 51 கிலோ.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 51-ல் 46 சதவீதம் பார்க்கக்கூடாது. 46 சதவீதம் என்பது யூரியாவின் எடையில். தேவையான சத்தின் எடையில் அல்ல. எனவே 51-ஐ நூறால் பெருக்கி 46-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 111 கிலோ யூரியா. டி.ஏ.பி.யின் 9 கிலோவை மறந்தால் இது 130 கிலோ ஆகும். அந்த 20 கிலோ காசுக்கும் நஷ்டம், பயிருக்கும் நஷ்டம். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கருகருவென்று வளர்ந்து இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் கூப்பிடும், கதிர் பிடித்தபின் சாயும்.

தழைச்சத்தை நான்கு சம பங்காகப் பிரிக்க வேண்டும். 60-ல் 25 சதவீதம் 15 கிலோ. அடியுரத்தில் டி.ஏ.பி. 9 கிலோ தந்துவிடுவதால், மீதி 6 கிலோவுக்கு 13 கிலோ யூரியா போதும். தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் 33 கிலோ வீதம். கிட்டத்தட்ட முக்கால் மூட்டை. முழு மூட்டையைப் பிரித்துவிட்டோமே என்று மீதியையும் வீசிவிட வேண்டாம், வாயைக் கட்டி ஈரம் படாமல் வையுங்கள்.

பொட்டாஷில் சாம்பல் சத்து 60 சதவீதம். 20 கிலோவுக்கு எத்தனை கிலோ பொட்டாஷ் என்பதை மகளையே போடச் சொல்லுங்கள். 33 என்று வந்தால் சரி. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால், மேலே சொன்ன 60, 20, 20-க்குப் பதில் அதிலுள்ள அளவை வைத்து இதே கணக்கைப் போடலாம்.