பட்டியலில் இல்லாத பெயர்

தோழனே! "பெரும் ஹெட்ஜ் நிதியங்கள் இந்தப் பங்கை வாங்கிக் குவிக்கின்றன, நீயும் வாங்கு!" என்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் பறை முழக்குகின்றனர். சான்று கேட்டால், 10 கோடி டாலரும் அதற்கு மேலும் பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள் காலாண்டுதோறும் அரசுக்குத் தரும் பட்டியலை நீட்டுகின்றனர்.

பட்டியல் தர 45 நாள் தவணை! நீ படிக்கும் வேளையில் வாங்கியவன் விற்றுவிட்டு வெளியேறியிருப்பான். விலை வீழுமெனப் பந்தயம் கட்டி, இரவல் வாங்கி விற்ற பங்குகளுக்கோ அதில் இடமே இல்லை. வலக்கை வாங்கியதைக் காட்டுவான். இடக்கை விற்றதை மறைப்பான்.

2021 மார்ச்சுத் திங்களை எண்ணிப் பார். வயாகாம்சிபிஎஸ் பங்கு 100 டாலரைத் தாண்டிற்று. வாங்குவோர் யார்? பட்டியலைப் புரட்டினால் வங்கிகளின் பெயர்கள்! பில் ஹ்வாங்கின் ஆர்க்கிகோஸ் எங்கே? இல்லை! பங்கு வங்கியின் கையில். ஏற்றமும் இறக்கமும் ஆர்க்கிகோசின் கணக்கில். 'ஸ்வாப்' என்று அந்தத் திரைக்குப் பெயர். (நாடகக்காரன் நான், இத்தனை தடித்த திரையைக் கண்டதில்லை.) ஒரே ஆள் பல வங்கிகளில் இதே வேடம் கட்டினான், முழுக் கடனையும் எந்த வங்கியும் அறியவில்லை.

மார்ச்சு 22ஆம் நாள் புதுப் பங்கு விற்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 26ஆம் நாள் விலை 50 டாலருக்கும் கீழே! கிரெடிட் சூயிசுக்கு மட்டும் ஏறத்தாழ 550 கோடி டாலர் இழப்பு. ஹ்வாங்குக்கு 2024இல் 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். வங்கிகளின் பெயரைப் பார்த்து வாங்கிய எளியவனின் சேமிப்பை எந்தத் தீர்ப்பு மீட்கும்?

திரைமறைவில் நிற்பவனின் பெயரை அச்சிடுங்கள். இரவல் விற்பனையையும் அச்சிடுங்கள். பிறகு நீட்டுங்கள் பட்டியலை!