வியோம்கேஷ் பக்ஷியும் ஒரு கால்குலேட்டரும்

2020 ஊரடங்கில் எங்க ஐயங்கார்குளம் தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தபோது, தூர்தர்ஷனில் 'வியோம்கேஷ் பக்ஷி' மறுபடியும் போட்டார்கள். 1993-ல் பாசு சட்டர்ஜி இயக்கிய துப்பறியும் தொடர். எனக்கு இந்தி சுத்தமா வராது. ஆனாலும் 'சத்யான்வேஷி' என்ற முதல் கதையை இடத்தைவிட்டு நகராமல் பார்த்தேன். கல்கத்தாவில் ஒரு மெஸ், அங்கே ஒரு கொலை. புதுசா வந்து தங்கினவன் மேல்தான் எனக்குச் சந்தேகம். கடைசியில் பார்த்தால் துப்பறிகிறவனே அவன்தான் (ரஜித் கபூர்)! கொகெயின் விற்று, கொலையும் செய்தவர் எல்லாரும் நம்பின ஹோமியோபதி டாக்டர்.

நம்ம சினிமாவில் மூஞ்சியைப் பார்த்தே வில்லனைச் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கம் நமக்குள் ஊறிவிட்டது என்பேன். போன வருஷம் விடுதியில் கால்குலேட்டர் காணாமல் போனதே, ஞாபகம் இருக்கா? லேட்டாகச் சேர்ந்த பையனின் பெட்டியைத்தானே முதலில் கொட்டினோம்? ஒயரிங்கில் ஃபால்ட் என்றால் டெஸ்டர் வைத்து ஒவ்வொரு பாயின்ட்டாகப் பார்க்கிற நாம், மனுஷன் விஷயத்தில் மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்?

கால்குலேட்டர் டிராயிங் ஹால் மேசைக்கடியில் கிடைத்தது. அவன் பெட்டியைத் திரும்ப அடுக்கிக் கொடுக்க ஒருத்தரும் போகவில்லை. நானும்தான்.