பாழும் கட்டிடமும் பகுத்தறிவும்

ஒரு கட்டிடம் எந்தக் காரியத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்தக் காரியம் நின்றுபோய்விட்டால் அப்புறம் அதை என்ன செய்வது என்று கேட்டால், நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு இரண்டே பதில்தான் தெரியும். ஒன்று, இடித்துத் தள்ளு என்பது. மற்றொன்று, அதில் பேய் குடியிருக்கின்றது, பக்கத்தில் போகாதே என்பது. இரண்டிலும் மூளைக்கு வேலையில்லை. முதலாவதில் காண்டிராக்டருக்காவது லாபமுண்டு. இரண்டாவதில் வௌவாலைத் தவிர வேறு எந்த ஜீவனுக்கும் பிரயோசனமில்லை.

ஹாலந்து தேசத்தில் மாஸ்ட்ரிக்ட் என்கின்ற பட்டணத்தில் டொமினிக்கன் பாதிரிமார்களுடைய பழைய கல் மாதாகோயில் ஒன்று இருக்கின்றது. 1294-ல் பிரதிஷ்டையானது. 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் பட்டாளம் ஊரைப் பிடித்த பிறகு பாதிரிமார்களும் வெளியேற்றப்பட்டார்கள், பூசையும் நின்றது. அதற்குப்பின் சுமார் 200 வருஷம் அக்கட்டிடம் பட்ட பாடு சொல்லி முடியாது. கிடங்காக இருந்தது, கச்சேரி மண்டபமாக இருந்தது, கடைசியில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையாகவும் இருந்தது. 2006-ல்தான் ஒரு புத்தகக் கடை அங்கே குடியேறிற்று.

அது எப்படிச் செய்யப்பட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியதாகும். கடைக்கு வேண்டியிருந்த இடம் சுமார் 1,200 சதுர மீட்டர். கோயில் தரையோ அதற்குப் போதாது. சுவரைத் துளைத்து உத்திரம் ஏற்றி மாடி போட்டிருந்தால், 1337-ம் வருஷத்துச் சுவர்ச் சித்திரமுள்ள கட்டிடம் பாழாகியிருக்கும். தரைதானே போதாது, உயரம் சும்மா கிடக்கின்றதே என்று யோசித்தார்கள். பல அடுக்குள்ள பிரம்மாண்டமான எஃகு அலமாரி ஒன்றைச் சுவரில் மாட்டாமல் ஒரு பக்கமாகத் தனியே நிறுத்தினார்கள். வாங்க வருகின்றவர்கள் அதற்குள்ளாகவே படியேறி நடந்து புத்தகம் பார்க்கலாம். நாளைக்கு வேறு காரியம் வந்தால் அலமாரியைக் கழற்றிக் கொள்ளலாம். கல்லுக்கு ஒரு சேதமும் இல்லை. பாதிரியார் பூசை செய்த இடத்தில் இப்போது ஜனங்கள் உட்கார்ந்து காப்பி சாப்பிடுகின்றார்கள்.

இது அபசாரமல்லவா என்று சிலர் கேட்கலாம். சைக்கிள் நிறுத்தியபோது வராத அபசாரம் புத்தகம் வைத்தபோது மாத்திரம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கின்றோம். நாம் யாருடைய கோயிலையும் பறிக்கச் சொல்லவில்லை. யாருக்கும் வேண்டாமல் கிடப்பதைப் பற்றித்தான் பேசுகின்றோம்.

நிற்க. 2014-ல் அக்கடையை நடத்தி வந்த கம்பெனி திவாலாகி விட்டது. அப்போது கடைச் சிப்பந்திகள் ஊராரிடம் பணம் கேட்டார்கள்; ஊராரும் கொடுத்தார்கள்; கடை நின்றது. வெறும் கல்லாய்க் கிடந்திருந்தால் ஒரு காசு புரண்டிருக்குமா?

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள பேங்க்சைடு மின்சார நிலையத்தின் கதையும் இப்படித்தான். 1981-ல் மூடப்பட்ட அந்தச் செங்கல் மலை 2000-ல் டேட் மாடர்ன் என்னும் சித்திரசாலையாகத் திறக்கப்பட்டது. யந்திரம் சுழன்ற கூடம் கூடமாகவே இருக்கின்றது, யந்திரந்தான் இல்லை.

நம் ஊர்களில் மூடிய சினிமாக் கொட்டகைகள் சில கல்யாண மண்டபமாகியிருக்கின்றன. அதுவும் உபயோகந்தான். ஆனால் முகூர்த்த நாள் பார்க்கின்ற தேசத்தில், மற்ற நாளெல்லாம் அதற்கும் பூட்டுதானே! அதே இடத்தில் ஒரு வாசகசாலையோ, பெண்களுக்குத் தையல் பள்ளிக்கூடமோ இருந்தால் ராகு காலத்திலும் திறந்திருக்கும்.

எதையும் இடிக்கவே கூடாதென்பது நமது வாதமல்ல. அஸ்திவாரம் உட்கார்ந்து, சுவர் வெடித்து, உத்திரம் உளுத்துப்போனதைப் பழைமை என்பதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் இஞ்சினீரேயொழிய வாஸ்து ஜோசியரல்ல. ஆனால் உறுதியாய் நிற்பதை இடித்தால், அன்று கூலிக்காரன் சிந்திய வியர்வையும் வீண், இன்று புதிதாய் வாங்கும் சிமெண்டும் தண்டம். உலகத்தில் மனிதர் வெளியேற்றும் கரிவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் உண்டாவது என்கின்றார்கள்.

ஆகவே, தோழர்கள் தங்கள் தங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலை, சத்திரம், பழைய ஆபீஸ் ஆகியவை எத்தனை, அவற்றின் சொந்தக்காரர் யார், சாவி யாரிடமிருக்கின்றது என்று ஒரு ஜாபிதா எடுத்து, அதோடு முனிசிபாலிட்டிக் கூட்டம் நடக்கும் அன்று கவுன்சிலரைப் போய்ப் பார்க்க வேண்டுகின்றோம்.